சித்தியின் முதுகு

பி.எட். பரீட்சையில் ஆசிரியரின் உடல்மொழி பற்றி ஒரு கேள்வி வந்தது. பத்து மதிப்பெண். மளமளவென்று எழுதிவிட்டேன். எழுதும்போது கண்ணில் நின்றது பாடப்புத்தகம் இல்லை, கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் அங்கன்வாடியில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த என் சித்தியின் முதுகு.

ஆமாம், முதுகுதான். சாயங்காலம் ஐந்து மணி வகுப்பு. முந்திரிக்கொட்டை உடைத்துவிட்டு வரும் பத்துப் பன்னிரண்டு பெண்கள், அதில் என் அம்மாவும் ஒருத்தி. யாராவது கரும்பலகையில் எழுதப் போனால் சித்தி உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். எழுதி முடிக்கும்வரை வெளியே நிற்கும் வேப்பமரத்தைப் பார்ப்பாள். அப்புறம் திரும்பி லேசாகத் தலையாட்டுவாள். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு இது தாங்கவில்லை. டீச்சர் என்றால் பார்க்க வேண்டாமா?

அம்மாவுக்கு அவசரம் இருந்தது. கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரலில் ரேகையே அழிந்துவிட்டது. ரேஷன் கடை மிஷின்கூட ஏற்காது. "கைநாட்டு வைக்கக்கூட லாயக்கில்லாத கையாப் போச்சு, அதான் படிக்க வந்தேன்" என்று சிரிப்பாள். அப்பா சிங்கப்பூரில். திங்கட்கிழமை என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்கும் படிவத்தில் அவள்தான் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

அதற்கு முந்தின புதன்கிழமை சித்திக்கு பஸ் கிடைக்கவில்லை. வகுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

"வாங்க டீச்சரம்மா, இன்னைக்கு யாரு யாரு முட்டி போடணும்?" என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

நான் சிரிக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து சார் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, அம்மாவைப் பலகைக்கு அழைத்து, அவள் விரலையே பார்த்தபடி நின்றேன். கறுத்து, தோல் உரிந்த விரல். பெயரின் முதல் எழுத்து வந்தது. இரண்டாவதில் சாக்பீஸ் நின்றது. நான் இன்னும் ஓர் அடி கிட்டப் போனேன்.

"அடுப்புல ஒலை வச்சிட்டு வந்துட்டேன்" என்று அம்மா சாக்பீஸை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். வீட்டில் அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

அதோடு அவள் வகுப்புப் பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்தாள். கொட்டை உடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எண்ணெய் பிடிக்காமல் இருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு தானும் உடைத்தாள். சிலேட்டை அம்மா பக்கம் தள்ளிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சிலேட்டில் கீறும் சத்தம்.

"சித்தி, நீங்க பாக்கவே மாட்டேங்கிறீங்க. கடைசி எழுத்துத் தப்பு."

சித்தி சாம்பல் விரலால் என் தாடையைப் பிடித்து முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பினாள். என்னவோ காட்டுகிறாள் என்று பார்த்தேன். இரண்டு ஆடு, ஒரு பைக். மறுபடி திரும்பியபோது அம்மாவின் பெயர் சரியாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூட அலுவலகத்தில் படிவத்தை நீட்டிய கிளார்க், பேனா பிடித்த அம்மாவின் கையையே பார்த்தார். பேனா நின்றது. எங்களோடு வந்திருந்த சித்தி ஜன்னலைக் காட்டினாள்.

"சார், அங்கிட்டு நிக்கிறது என்ன மரங்க?"

கிளார்க் எழுந்து திரும்பிப் பார்த்தார். "வேம்பும்மா, இதுகூடத் தெரியாதா?" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

வேப்பமரம்கூடத் தெரியாதவளை யார் டீச்சராக்கினார்கள் என்று பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.