டேனியலின் ஆறு பட்டன்கள்

போன திங்கட்கிழமையிலிருந்து மனசு சரியில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

டேனியல் என் கல்லூரி நண்பன். பொழிச்சலூரில் வீடு, பம்மல் பக்கம் ஒரு தனியார் பள்ளி ஆபீஸில் வேலை. சென்ற வருடம் ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவான். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கீயை அழுத்துவதெல்லாம் நடக்காத காரியம்.

பள்ளித் தாளாளர், "அடுத்த மாசம் மொத திங்கட்கிழமை வந்து உக்காந்து பாருங்க சார். முடிஞ்சா கன்டின்யூ பண்ணலாம்" என்றார்.

நான் சாஃப்ட்வேர் ஆசாமி... சும்மா இருப்பேனா? பெரிய பட்டன்கள் ஆறு மட்டும் உள்ள கீபோர்டு ஒன்று வாங்கி, மேக்ரோ எழுதிக் கொடுத்தேன்; ஒரு பட்டனைத் தட்டினால் பல கீ வேலையைச் செய்யும் குட்டி புரோகிராம். ஸ்கிரீனில் எந்த புரோகிராம் முன்னால் இருக்கிறதோ, அதற்கேற்ப பட்டனின் வேலை மாறும். வருகைப்பதிவு என்றால் முதல் பட்டன் வகுப்புகளின் மெனுவைக் காட்டும். மெயில் என்றால், அதே பட்டன் பெற்றோருக்கு அனுப்பும் பதில்களைக் காட்டும். எந்த புரோகிராம் என்றே தெரியாவிட்டால்? அந்தப் பட்டனின் எண் மட்டும் விழும். அது போதும் என்று விட்டுவிட்டேன்.

சில வாரம் வீட்டில் பழகினான். "மச்சான், ரெண்டு கை இருந்தப்பகூட நான் இவ்ளோ ஃபாஸ்ட் இல்லடா!" என்றான். அவன் மனைவி மெர்ஸி கிச்சனிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார் — ரொம்ப நாளைக்கு அப்புறம்.

பள்ளியிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாமே என்றேன். "வேணாம்டா, சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்றான்.

திங்கட்கிழமை முதல் பட்டனை அழுத்தியிருக்கிறான். மெனு வரவில்லை. 1 விழுந்தது. மறுபடியும் 1... பதற்றத்தில் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான். வருகைப்பதிவு முழுக்க ஒன்று, ஒன்று, ஒன்று. டி.சி. வாங்க வந்த பெற்றோர், பக்கத்து டேபிள்காரர்கள், தாளாளர் — அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு ஒரு போன் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

"பரவால்ல டேனியல் சார். உடம்பப் பாத்துக்குங்க. நாங்களே கூப்பிடறோம்" என்றாராம் தாளாளர்.

காரணம் என்ன தெரியுமா? வீட்டில் பழகியது வருகைப்பதிவு புரோகிராமின் டெமோ காப்பி. ஸ்கிரீனில் அதன் தலைப்பிலேயே 'டெமோ' என்று இருக்கும். அந்தத் தலைப்பை வைத்தே புரோகிராமை அடையாளம் காணும்படி மேக்ரோவில் எழுதி வைத்திருந்தேன். பள்ளியில் இருந்தது ஒரிஜினல். தலைப்பில் பள்ளியின் பெயர். என் மேக்ரோவுக்கு அது யாரோ.

அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்கு ஓடினேன். ஒரே ஒரு வரி... மாற்றினேன். பிழையைக் கண்டுபிடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பது எங்கள் தொழில் வியாதி.

"சரியாயிடுச்சுடா. நாளைக்கே போலாம். தப்பு என்னுதுன்னு நானே வந்து அவர்கிட்ட சொல்றேன்."

டேனியல் கீபோர்டில் ஒயரைச் சுற்றினான். இடது கையால் சுற்ற நேரமானது. உதவப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தான். சுற்றி முடித்து, என் பையிலேயே போட்டான்.

"மெஷின் சரியாயிடுச்சு மச்சான்... ஆனா அத்தன பேரும் பாத்துட்டாங்களே."

தப்பு செய்தது நான். வீட்டில் உட்கார்ந்திருப்பது அவன்.