விசில் ஊதியவருக்கும் சம ஊதியம்

செவ்வாய்க்கிழமை காலை, சிலமலையிலிருந்து வந்த முதல் பஸ்சின் கண்டக்டர் என் வீட்டு வாசலில் இறங்கினார். "டீச்சர், உங்க பொன்னுத்தாய் டீச்சர் விடியக்காலம் தவறிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்களாம்" என்றார். பிறகு, "என் தங்கச்சிக்கு ஓடக் கத்துக்குடுத்தவுக" என்று சேர்த்துக்கொண்டு அப்படியே நின்றார். பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

டீச்சரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொன்னுத்தாய் டீச்சர் எங்கள் போடி பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியை. நான் அறிவியல் ஆசிரியை. ஓய்வறையில் எங்கள் நாற்காலிகள் அடுத்தடுத்து இருந்தன. குட்டையான உருவம்தான், ஆனாலும் அவர் நடைக்கு ஈடுகொடுக்க நான் ஓட வேண்டியிருக்கும். அவர் சிரித்தால் தலைமையாசிரியர் அறை வரை கேட்கும்.

பையன்களுக்கு டிரில் மாஸ்டர் சீனிவாசன். இருவரும் ஒரே படிப்புப் படித்து, ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மாலைப் பயிற்சிக்கு நிர்வாகம் மாஸ்டருக்குத் தனியாகப் படி கொடுத்தது. அதே நேரம், அதே மைதானத்தின் மறுபாதியில் நின்ற டீச்சருக்கு ஒன்றும் இல்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிறன்று, ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த தம் அக்காவைப் பார்த்துவிட்டு டீச்சர் ஜீப்பில் மலையிறங்கினார். உடன் வந்த தோட்டத்துப் பெண்கள் புதுச் சட்டம் ஒன்றைப் பற்றியே பேசி வந்தார்களாம். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. மறுநாள் ஓய்வறைக்குள் நுழைந்ததும், "ஏத்தா, காய் எடுக்குற எங்கக்காவுக்கு உள்ள சட்டம் எனக்கு மட்டும் இல்லாமப் போகுமா?" என்று என்னிடம் கேட்டார்.

பள்ளிச் செயலாளரிடம் போனோம். ஏலக்காய் வியாபாரி, கெட்ட மனிதர் அல்ல. "பொம்பளப் புள்ளைகள வெளையாட விட்டுட்டு விசில் ஊதுறீங்க. அது ஒரு சோலியாம்மா? உங்க வீட்டுக்காரரும் சம்பாதிக்கிறாரு" என்றார்.

"மாஸ்டர் சம்சாரமும் நர்சு வேலை பாக்குறாங்கய்யா. அவருகிட்ட அதக் கேட்டீங்களா?" என்றார் டீச்சர், குரலை உயர்த்தாமல்.

அடுத்து என்னையும் இழுத்துக்கொண்டு மதுரைக்குத் தொழிலாளர் அலுவலகம் போனார். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒரே வேலைதான்னு மொதல்ல காட்டணும்மா" என்றார். திரும்பும் பஸ்சில் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்போது டீச்சர் சிரிக்கத் தொடங்கினார். "காட்டிட்டாப் போச்சு."

அவர் செயலாளரிடம் கேட்டது இதுதான்: "ஒரு மாசம் மாஸ்டர் பொம்பளப் புள்ளைகளுக்குப் பயிற்சி குடுக்கட்டும், நான் பையங்களுக்குக் குடுக்குறேன்." "எனக்கு ஒரு மாசம் ஓய்வுன்னு வச்சுக்கிறேன்" என்று மாஸ்டர் உடனே சம்மதித்தார்.

அந்த மாதம் நான் சிரித்ததுபோல் வேறெப்போதும் சிரித்ததில்லை. முதல் நாள் பையன்கள் கேலி செய்தார்கள். டீச்சர் செருப்பைக் கழற்றிப்போட்டு, "என்னையத் தாண்டி ஓடுங்க பாப்போம்" என்றார். ஒரே ஒருவன் தாண்டினான். "பாத்தீங்களா, அவன் முட்டிய எவ்வளவு தூக்குறான்னு?" என்று அங்கேயே பாடத்தை ஆரம்பித்துவிட்டார். மறுபாதியில் மாஸ்டருக்கு முதல் வாரமே தொண்டை கட்டிவிட்டது. "எங்க டீச்சர் கூடவே ஓடுவாங்க, நீங்க நிக்கிறீங்களே சார்" என்று கோ-கோ ஆடும் பிள்ளைகள் அவரைத் துரத்தினார்கள். காட்டு யானை இறங்கும் தேவாரம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளை இருட்டுமுன் பஸ் ஏற்ற வேண்டும். மகளை விளையாட அனுப்பாத தகப்பனைத் தேடிப் பொட்டிபுரம் வரை போய்ப் பேச வேண்டும். இதெல்லாம் டீச்சர் செய்துவந்த வேலை என்பதே மாஸ்டருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாதக் கடைசியில் நிர்வாகக் குழு கூடியது. செயலாளர் மாஸ்டரிடம் கருத்துக் கேட்டார். மாஸ்டர் கம்மிய குரலில், "இது சோலி இல்லன்னா, இத்தன வருசம் நான் பாத்ததும் சோலி இல்லய்யா. வெரசா என் பையங்களக் குடுத்துருங்க" என்றார். செயலாளரே சிரித்துவிட்டார். "சரி, டீச்சருக்கும் ஏதோ அன்பளிப்பாப் போட்டுக்குடுப்போம்."

டீச்சர் எழுந்தார். "அன்பளிப்பு வேண்டாங்கய்யா. குடுத்த மனசு மாறுனா அது நின்னுபோகும். மாஸ்டருக்கு என்ன பேருல வருதோ, அதே பேருல எனக்கும் வரட்டும். இல்லன்னா நான் மறுபடி மதுரைக்குப் போறேன்."

அடுத்த மாதமே அந்தப் படி டீச்சருக்கும் வந்தது. அன்று மாலை பையன், பெண் என்று பாராமல் மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். முதல் குவளை மாஸ்டருக்கு. சில வருடங்கள் கழித்து டீச்சரின் தொடரோட்ட அணி மாவட்டப் போட்டியில் ஜெயித்து வந்தபோது, செயலாளர் பஸ் நிலையத்தில் மாலையோடு நின்றார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார். டீச்சர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டு மாலைக்குத் தலை குனிந்தார்.

செவ்வாய் மாலை, டீச்சரின் ஊரான சிலமலையில் பாடை எடுக்கும் நேரம் மலையிலிருந்து மழை இறங்கியது. அவரிடம் விளையாட்டுப் பழகிய பெண்கள், இன்று பிள்ளை பெற்றவர்கள், நான்கு பேர் கதிரடிக்கும் களத்துக்கு ஓடிப்போய் ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி சேற்றில் வழுக்கி விழுந்தாள். அழுதுகொண்டிருந்த வீடே சிரித்துவிட்டது. பெண்கள் தெருமுனையோடு நிற்பதுதான் வழக்கம் என்று பெரியவர் ஒருவர் சொன்னார். பாடைக்கு மேல் தார்ப்பாயின் நான்கு முனைகளையும் உயரப் பிடித்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்குத் தெருமுனையைத் தாண்டி நடந்தார்கள்.

நனையாமல் போய்ச் சேருங்கள், டீச்சர்.