தார் ரோட்டு டயர்

சின்னத்தாய் கடையில் வாய் திறந்து எதையும் கேட்டு வாங்கிப் பழகியவள் இல்லை. சந்தையில் காய் வாங்கும்போதுகூட விரலால் காட்டுவாள். கட்டுப்படி ஆகாது என்றால் எடுத்ததை மெல்லக் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவாள்.

இலங்கையில் அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கொழுந்து பறிக்கப் போனாள். எழுபத்து மூன்றாம் வருஷம் புருஷன் நல்லையாவோடு கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் கிடந்து, பிறகு கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஊரின் குளிர் பழகிய குளிராகத்தான் இருந்தது. பேச்சுதான் ஒட்டவில்லை. டீயை அவள் 'தேத்தண்ணி' என்றால் தண்ணீர்க் குழாயடியில் இருந்த பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டு பார்ப்பதை அதிகமாக்கிக்கொண்டாள்.

நல்லையாவுக்கு ஒரு பேக்கரியில் வேலை. வெள்ளனே நாலு மணிக்கு ரொட்டியும் பன்னும் அடுக்கிய தகரப் பெட்டிகளைப் பழைய ராஜ்தூத் வண்டியின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு பெருமாள்மலை, பண்ணைக்காடு, ஊத்து என்று மலைப்பாதையில் இறங்கிக் கடைகளுக்குப் போடுவான். முதலாளி வண்டியை அவனுக்கே கொடுத்துவிட்டார். டயரும் பெட்ரோலும் அவன் பொறுப்பு.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. சின்னத்தாயின் தங்கை பின்னால் வந்த கப்பலில் வந்தவள்; ஒரு பெண்ணைப் பெற்றுப் போட்டுவிட்டு, தீட்டு கழிவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். தங்கை புருஷன் பெரியண்ணன் குழந்தையைச் சின்னத்தாயின் மடியில் வைத்துவிட்டுக் கிளாவரைப் பக்கம் உருளைக்கிழங்கு வெட்டப் போனான். அங்கேயே தங்கிவிட்டான். குழந்தை குஞ்சம்மாள் சின்னத்தாயைத்தான் அம்மா என்றது. நல்லையாவின் ரொட்டிப் பெட்டிக்குள் உட்கார்ந்து விளையாடியது. சட்டையிலும் முடியிலும் எந்நேரமும் பன் வாசம்.

ஐந்து வயது முடிந்ததும் பெரியண்ணன் வந்தான். ராக்கம்மா என்று ஒரு பெண்ணைக் கட்டியிருந்தான். "அண்ணே, பிள்ளய நான் கூட்டிட்டுப் போறேன். எம்புள்ளை வேற வீட்டுல வளருதுன்னு நாலு பேரு பேசுறாங்க" என்றான். குரலை உயர்த்தவில்லை, கண் கலங்கித்தான் கேட்டான். பெற்றவன் கேட்கும்போது என்ன சொல்வது? சின்னத்தாய் உள்ளே போய்க் குழந்தையின் துணிகளை மடித்துக் கொடுத்தாள்.

அந்த வாரமே நல்லையா வண்டியின் பின் சக்கரத்துக்கு, ரப்பர் பட்டன் பட்டனாகப் புடைத்து நிற்கும் பட்டன் டயர் வாங்கி மாட்டினான். கவுஞ்சியோடு தார் முடிந்துவிடும். பஸ்ஸும் அங்கேயே திரும்பிவிடும். அதற்கப்புறம் கிளாவரை வரை செம்மண்தான். மழை பெய்தால் மாடே வழுக்கும். அந்தப் பாதைக்காகத்தான் அந்த டயர். மாதத்தின் கடைசி ஞாயிறு, ரொட்டி நடையை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, சின்னத்தாயைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். வண்டிச் சத்தம் கேட்டதும் குஞ்சு வரப்பில் ஓடி வரும். முதலில் பெட்டிக்குள் தலையை விடும். அப்புறம்தான் ஆளையே பார்க்கும்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. மாதத்தில் மீதி நாளெல்லாம் தாரில் ஓடியதால் டயரின் நடுப்பட்டன்கள் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிட்டன. ஓரத்துப் பட்டன்கள் மட்டும் நின்றன.

புரட்டாசியில் போனபோது குஞ்சு ஓடி வரவில்லை. நல்லையா ஓடையில் சக்கரத்துச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தான். சின்னத்தாய் மட்டும் குடிசைக்கு நடந்தாள். வாசலில் ராக்கம்மா பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். குஞ்சு அவள் முழங்கால்களுக்கு நடுவே சாய்ந்து, கையில் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சின்னத்தாயைப் பார்த்ததும் அதன் உடம்பு விறைத்தது. எழுந்து வரவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. ராக்கம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டது.

"போடி, ஒங்கம்மா வந்திருக்கு பாரு" என்றாள் ராக்கம்மா.

குஞ்சு போகவில்லை. கண் நிறைந்துவிட்டது.

பிள்ளையை ரொட்டி தின்ன விட்டுவிட்டு ராக்கம்மா அடுப்படிக்கு வந்தாள். சின்னத்தாயின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க வந்துட்டுப் போனா நாலு நாளைக்குச் சோறு எறங்க மாட்டேங்குது பிள்ளைக்கு. ராத்திரி பாயை நனைக்குது. எங்கிட்டயும் ஒட்டாது, அதோட அப்பங்கிட்டயும் ஒட்டாது. ஒத்தையில போயி ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கிது. அப்புறம் மெல்ல மெல்ல சரியாகுது. சரியாகுறப்ப நீங்க திரும்ப வந்துர்றீங்க. வராதீங்கன்னு நான் சொல்லல."

"நீ சொல்லல" என்றாள் சின்னத்தாய்.

திரும்பி வரும்போது நல்லையா, "பிள்ள வளந்துட்டா. வெக்கப்படுறா" என்று சிரித்தான். சின்னத்தாய் அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, ஆமாம் என்றாள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் விடியும் நேரம், பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில், தூறலில் நனைந்த தாரில், பின் சக்கரம் தானாக வெளியே போனது. வண்டி படுத்தது. நல்லையா ரோட்டின் குறுக்கே இழுபட்டுப் போய் மதகுச் சுவரில் நின்றான். சுவருக்கு அப்பால் ஒன்றும் இல்லை, மூடுபனிதான். முழங்கையும் கெண்டைக்காலும் உரிந்துவிட்டன. ரொட்டியெல்லாம் ரோட்டில் உருண்டது. கீழேயிருந்து வந்த பஸ்ஸின் டிரைவர் இறங்கி அவனைத் தூக்கி உட்கார வைத்து, "சிலோன் அண்ணே, கொரங்குக்கெல்லாம் இன்னைக்குக் காலைச் சாப்பாடு ஒங்க செலவா?" என்றார். மரத்திலிருந்து இறங்கிய குரங்குகள் அதற்குள் பன்னைப் பிய்க்க ஆரம்பித்திருந்தன.

இதை நல்லையா சிரித்துச் சிரித்துச் சொன்னான். சின்னத்தாய் சிரிக்கவில்லை. காயத்தில் ஒட்டியிருந்த தார்ப் பொடியைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

காயம் ஆறியதும் வத்தலக்குண்டுக்கு டயர் வாங்கக் கிளம்பினான். அவளும் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நீ எதுக்கு?"

"சும்மாதான்."

"நீ பின்னால ஒக்காந்தா வண்டி சறுக்காதாக்கும்?"

அவள் அப்படித்தான் நினைத்தாள்.

டயர்க் கடைக்காரர் குழந்தைவேல் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சின்னத்தாயிடம் திரும்பினார். "இந்த டயர்லயா மேலயிருந்து எறங்கி வந்தீங்க? ஏன்க்கா, ஒங்களுக்கு இவரு மேல அம்புட்டு நம்பிக்கையா, இல்ல அம்புட்டுக் கோவமா?"

சின்னத்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இதே மாதிரிப் பட்டன் டயர் புதுசா ஒண்ணு குடுங்க" என்றான் நல்லையா.

"இருங்கண்ணே, அவசரப்படாதீங்க. எந்த ரோட்டுல ஓட்டுவீங்க? தாரா, மண்ணா?"

"ரெண்டும்தான்."

"மண்ணுல மாசத்துக்கு எத்தன நாளு?"

நல்லையா தயங்கினான். "ஒரு நாளு."

"அட போங்கண்ணே! மாசத்துல ஒரு நாள் சேத்துல எறங்குறதுக்கு, மத்த நாளெல்லாம் உயிரப் பணயம் வைப்பீகளா?" குழந்தைவேல் உள்ளே போய் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். "தாருக்கு ரப்பர் பரந்து ஒக்காரணும். இந்தா, முன்னாடிக்கு நேர்கோடு போட்டது. தண்ணி கோட்டுக்குள்ள ஓடிரும், ரப்பர் தாரப் பிடிச்சுக்கிடும். பின்னாடிக்கு இந்தக் கட்டம் போட்டது. பட்டன் டயரு சேத்துல குத்தி எந்திரிக்கத்தான் லாயக்கு. ஈரத் தாருல சாயுறப்ப பட்டன் மடங்கும். மடங்குனா வண்டி படுக்கும். படுத்துச்சா இல்லையா?"

நல்லையா முழங்கையைத் தடவினான். "முன்னால கோடு, பின்னால பட்டன் போட்டா?"

"இப்ப அதத்தான போட்டிருக்கீங்க!"

"இந்தத் தார் டயரப் போட்டு மண்ணுல போக முடியாதா?"

"வெயில்காலத்துல போகலாம்."

"அங்க ஏதுய்யா வெயில்காலம்? மழ இல்லாட்டிப் பனி."

"அப்பப் போக முடியாது. கோட்டுக்குள்ள சேறு அப்பிக்கிடும். அப்புறம் நீங்க வண்டியில போக மாட்டீங்க, வண்டிதான் ஒங்க மேல போகும். அப்படி என்னண்ணே சோலி அங்க? ஆளு யாரும் காத்துக்கிட்டு இருக்காகளா?"

"பிள்ள இருக்கு" என்றான் நல்லையா.

குழந்தைவேலின் சிரிப்பு நின்றது. கையிலிருந்த டயரைச் சுவரில் சாய்த்தார். நல்லையா கம்பியில் தொங்கிய பட்டன் டயர் ஒன்றைத் தொட்டு, ரப்பரில் கட்டை விரல் நகத்தை அழுத்திப் பார்த்தான். நகம் இறங்கியது, புதுச் சரக்குதான். "இதையே எடுங்க. நான் மெதுவாப் போய்க்கிறேன்" என்றான்.

"தார் ரோட்டு டயரே குடுங்க தம்பி."

யார் பேசியது என்று கடைக்காரர் தேடினார். நல்லையா திரும்பிப் பார்த்தான். சின்னத்தாய் கல்லாப் பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானை வாயில் இல்லை.

"ஏ தாயி, ஒனக்கு என்ன தெரியும்? அப்பறம் எப்படிப் போறது?"

"ரெண்டு சக்கரத்துக்கும் தார் டயரே போடுங்க" என்றாள் மறுபடியும், கடைக்காரரைப் பார்த்து.

டயர் மாற்றி முடியும்வரை நல்லையா அவளிடம் பேசவில்லை. மலை ஏறும்போதும் பேசவில்லை. ஊத்தில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினான். இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டு, பள்ளத்தைப் பார்த்து நின்றான்.

"நீ பெத்திருந்தா அப்படிச் சொல்லுவியா?" என்றான்.

அது அவளைச் சுட்டது. சொன்னவனையும் சுட்டிருக்க வேண்டும். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவன் குடிக்காமல் இறக்கினான். அப்போதுதான் அவள் சொன்னாள். பிள்ளை சேலையைப் பிடித்துக்கொண்டதை, சோறு இறங்காததை, பாய் நனைவதை, ஒற்றையில் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதை. ராக்கம்மா சொன்ன வார்த்தைகளில் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

நல்லையா டம்ளரைக் கைக்குள் உருட்டினான்.

"அன்னைக்கே ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீங்க பொறகு போக மாட்டீங்க. எனக்கு இன்னும் ஒரே ஒரு தடவ போகணும்னு இருந்துச்சு. அதுக்குள்ள நீங்க விழுந்துட்டீங்க."

"அந்தப் பொண்ணு நல்லவதான், என்ன?"

"நல்லவதான். கெட்டவளா இருந்தா சண்டை போட்டாவது பிள்ளயக் கூட்டிட்டு வந்திருக்கலாம்."

டீ ஆறிப்போயிருந்தது. அவன் டம்ளரைக் கடைக்காரனிடம் கொடுத்துவிட்டு வந்து, "ஏறு. சுணங்காமப் போயிருவோம், மழ வருது" என்றான்.

மழையில்தான் மிச்ச வளைவுகளை ஏறினார்கள். சக்கரம் ஓரிடத்திலும் நழுவவில்லை. ஒவ்வொரு வளைவிலும் சின்னத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோதெல்லாம் ரோட்டின் நடுவில் இருந்தார்கள்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு அவள் எழுந்தபோது நல்லையாவும் இல்லை, வண்டியும் இல்லை. ரொட்டி நடைக்கு அன்று வேறு ஆள். அவள் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இல்லை. சோறு வடித்தாள். துணி துவைத்துக் கட்டைச் சுவரில் போட்டாள். மூடுபனியில் காயாது என்று தெரிந்தும் போட்டாள்.

மதியத்துக்கு முன் வண்டி வந்து நின்றது. நல்லையா பெட்டியைக் கழற்றாமலேயே உள்ளே வந்து, கால் கழுவத் தண்ணீர் கேட்டான். டயர்களில் மண் இல்லை. செருப்பில் இருந்தது, கணுக்கால் வரை செம்மண். கவுஞ்சியில் தார் முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறான். எவ்வளவு தூரம் என்று மண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"எங்க போயிட்டு வந்தீங்க?"

"சும்மா. புது டயரு எப்படிப் போகுதுன்னு பாத்தேன்."

"எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுது. கொஞ்சங்கூடச் சறுக்கல."

அவள் தண்ணீரை ஊற்றினாள். அவன் ஒரு காலால் மற்றொரு காலைத் தேய்த்தான். சிவப்பாகத் தண்ணீர் ஓடிச் சாக்கடையில் விழுந்தது. நிறம் போன பிறகும் அவள் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவனும் போதும் என்று சொல்லவில்லை.