சுவரில் மாட்டிய கைத்தடி

கரையான்சாவடியில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் சபை ஹாலில், மேடைக்கு வலப்பக்கச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. கொஞ்சம் வளைந்த கான்கிரீட் ஆணி. அதற்குக் கீழே ஒரு கைத்தடி நீளத்துக்குச் சுவர் வெள்ளையாக இருக்கும், சுற்றிலும் மற்ற இடமெல்லாம் பழுப்பு. அங்கே தொங்கியது என் அத்தையின் கைத்தடி. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஜெபத்தின் மேல் கோபமில்லை. ஜெபித்தவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். நல்லவர்கள், அதுதான் ஆத்திரம்.

அத்தை என் அப்பாவின் அக்கா. அம்பத்தூரில் எங்களோடுதான் இருந்தாள். அங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நின்றபடியே பேக்கிங் வேலை பார்த்துப் பார்த்து இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிற்று. பூந்தமல்லியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நான்தான் அந்த அலுமினியக் கைத்தடியை வாங்கிக் கொடுத்தேன். அவள் உயரத்துக்குத் தக்கபடி பட்டனை அழுத்தி ஓட்டையில் பொருத்தியதும் நான்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வெளியூரிலிருந்து ஓர் ஊழியக்காரர் வந்தார். விசுவாசம் இருக்கிறவர்கள் எழுந்து நடங்கள் என்றார். அத்தை கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு நடந்தாள். நானும் அன்றைக்கு உள்ளேதான் இருந்தேன். நடந்தாள், பொய்யில்லை. ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அழுதுகொண்டே நடந்தாள். ஜனங்கள் கைதட்டினார்கள். மைக்கை வாங்கி, "நான் சுகமாயிட்டேன்" என்று சாட்சி சொன்னாள். அங்கேயே யாரோ ஆணி அடித்துக் கைத்தடியைச் சுவரில் மாட்டிவிட்டார்கள்.

பத்துப் பதினைந்து நாளில் வலி திரும்பி வந்தது. சாட்சி திரும்பி வருமா? அதுதான் சிக்கல். எங்கள் சபைகளில் சாட்சி சொல்வது மொய் எழுதுவது மாதிரி, போட்டதைத் திருப்பி எடுக்க முடியாது. "வேற குச்சி வாங்கித் தரேன் அத்தே" என்றேன். "குச்சி புடிச்சிகினு அந்தக் குச்சி முன்னால போயி உக்காரச் சொல்றியாடா? இன்னா பேச்சு பேசற நீ?" என்றாள்.

சபையின் பேருக்காக மானம் பார்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அது இல்லை. குத்தம்பாக்கத்திலிருந்து ஒரு பெண் புதிதாக வர ஆரம்பித்திருந்தாள். புருஷனுக்குப் பக்கவாதம், படுக்கையில் இருந்தான். வருகிறவள் அந்தச் சுவருக்கு நேராகவே உட்காருவாள், கைத்தடியைப் பார்த்துக்கொண்டே ஜெபிப்பாள். "அந்தப் பொண்ணு ஊட்டுக்குப் போயி அதைச் சொல்லித்தான் அவனுக்கு ஒரு வாய் சோறு ஊட்டறா. நான் நொண்டிகினு போயி நின்னா அவ இன்னாத்தப் புடிச்சிகினு தூங்குவா, சொல்லு" என்றாள் அத்தை.  நான் கத்தினேன்.

ஞாயிறுதோறும் வண்டியில் கொண்டுபோய் விடுவேன். படி குறுகல், செங்குத்து, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. நான் அவளோடு ஏறக் கூடாது என்பது அவள் கட்டளை. "நீ தாங்கிகினு வந்தா பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க? கீழயே நில்லு." நான் எதிரே டீக்கடையில் நின்றுகொள்வேன், அங்கிருந்து படியும் மேல்கதவும் தெரியும். அவள் சுவரைத் தடவிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவாள். அவள் முதல் படியில் கால் வைப்பதற்கும் மேலே ஒலிபெருக்கியில் பாஸ்டர் குரல் கேட்பதற்கும் சரியாக இருக்கும். "எல்லாரும் கண்களை மூடுங்க." நம்பிக்கை தாரும், சமாதானம் தாரும், சுகம் தாரும் என்று ஜெபம் ஓடும். வாரத்துக்கு வாரம் அது நீண்டுகொண்டே போனது. இந்த மனுஷனுக்கு நிறுத்தவே தெரியாதா என்று டீக்கடைக்காரரிடம் புலம்பியிருக்கிறேன். "விடு நைனா, அவர் அங்க கூப்புடறது உனக்கா கேக்கணும்?" என்று அவர் சிரிப்பார்.

ஒரு ஞாயிறு டீ குடிக்காமல் சும்மா நின்று பார்த்தேன். அத்தை கடைசிப் படி ஏறி, கதவோரம் அவளுக்கென்றே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே மேலே "ஆமென்" என்றார்கள். அடுத்த ஞாயிறும் அப்படியே. அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஜெபம் தானாக நீளவில்லை, அத்தையின் ஏற்றம் நீண்டது. அவள் ஏறுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஒரு சபையே கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, பாதிப் படியில் வழுக்கி விழுந்தாள். "சமாதானத்தைத் தாரும்" என்று மேலே ஓடிக்கொண்டிருந்தது. நான் சாலையைத் தாண்டி ஓடுவதற்குள் அத்தனை பேரும் இறங்கி வந்துவிட்டார்கள். அழுதார்கள், தூக்கினார்கள், யாரோ சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தார்கள். அத்தனை கைகள் வந்தன அன்றைக்கு. முந்தின ஞாயிறு ஒரு கை வந்திருந்தால் போதும்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். கைத்தடி பிடித்து தினமும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "படுத்துகினு கெடந்தா அது புது வியாதி. குச்சி புடிச்சாத்தான் பழைய வியாதி, சாட்சி பொய்யாப் பூடும். என்னை வுடு" என்றாள். இப்படி ஒரு கணக்கை எந்த டாக்டரும் கேட்டிருக்க மாட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் சபைக்குப் போனேன். அத்தைக்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். முடிகிறவரை எனக்குப் பொறுமை இல்லை. "ஜெபம் அப்புறம் பண்ணுங்க. அந்தக் குச்சியைக் குடுங்க. அது சுவத்துல தொங்கற வரைக்கும் அவங்க வேற குச்சி புடிச்சு எழுந்திரிக்க மாட்டாங்க" என்று கத்திவிட்டேன். எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். பாஸ்டர் மைக்கை அணைத்தார். "தெரியும் தம்பி. கண்ணை மூடச் சொன்னதே நான்தானே. அவங்களுக்கு வெக்கமா இருக்கக் கூடாதுன்னு..." என்று நிறுத்திக்கொண்டார். 

எழுந்தது அந்தக் குத்தம்பாக்கத்துப் பெண்தான். நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறிக் கைத்தடியைக் கழற்றினாள். புடவை முந்தானையால் தூசியைத் துடைத்து என்னிடம் கொடுத்தாள். "அவங்க ஏறி வர சத்தம் எனக்குக் கேட்டுகினுதான் இருக்கும் அண்ணா. நான் போயி கையப் புடிச்சா, எனக்குத் தெரிஞ்சிடுச்சேன்னு அவங்க ஒடைஞ்சிடுவாங்கன்னு இருந்துட்டேன். எனக்கு இந்தக் குச்சி வாணாம். ஆன்ட்டி வந்தாப் போதும்." ஒருத்திக்காக ஒருத்தி ஊமையாக இருந்திருக்கிறார்கள், அதில் ஓர் இடுப்பு போயிற்று. அவளைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் தோன்றவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அத்தை கைத்தடியைப் பார்த்தாள். "யாரு கழட்னது?" சொன்னேன். "அழுதாளா?" இல்லை என்றேன். மெல்ல எழுந்து உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தாள். ரப்பர் அடிப்பாகம் காய்ந்து வெடித்திருந்தது. "செவுத்துல வெள்ளையாத் தெரியுமேடா. ஒரு காலண்டராவது மாட்டச் சொல்லு" என்றாள்.

அப்புறம் அதைப் பிடித்துத்தான் நடந்தாள், போன வருஷம் போய்ச் சேரும்வரை. இப்போது நான்தான் ஞாயிறுதோறும் போகிறேன். விசுவாசம் பெருகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், அந்தப் படிக்காகப் போகிறேன். கம்பி போடச் சொல்லி அலுத்துவிட்டேன். கட்டட ஓனரிடம் பேசுகிறோம், ஜெபத்தில் வைத்திருக்கிறோம் என்கிறார்கள்.

போன ஞாயிறு ஜெபம் தொடங்கியதும் படியில் கால் தேயும் சத்தம் கேட்டது. எழுந்து இறங்கினேன். மூச்சிரைக்கும் ஒரு பெரியவர், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார். "வாணாம் தம்பி, நீ போ. ஜெபம் நடக்குதுல்ல, யாரும் பாக்க மாட்டாங்க. அதுக்குள்ள ஏறிடுவேன்."

"நான் பாத்துட்டேன், குடுங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன். மேலே எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். எதிரே அந்த வெள்ளைத் தடமும் ஆணியும். காலண்டர் மாட்ட நான் இன்னும் விடவில்லை.