நெட் போய்விட்டது என்று சொன்ன மாப்பிள்ளை

பழவேற்காடு பஜாரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறேன். உடைந்த டிஸ்ப்ளே மாற்றுவது, உப்புத் தண்ணீர் ஏறிய போனைத் திறந்து துடைப்பது, டெம்பர் கிளாஸ் ஒட்டுவது எல்லாம் என் கை வேலை. சுற்றுக் குப்பங்களிலிருந்து போனைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆம்பளைகளில் பாதிப் பேர் கேம் ஆடி உடைத்தவர்கள். "தானா உடைஞ்சிச்சு" என்பார்கள். தானாக உடைந்த கண்ணாடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இவர்கள் கொண்டுவருவதில் வலது கட்டைவிரல் படுகிற மூலையில் மட்டும் விரிசல் சிலந்திவலை மாதிரி விரிந்திருக்கும்.

வேலை முடியும்வரை பெஞ்சில் சும்மா உட்கார மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவன் போனை வாங்கி அங்கேயும் ஆடுவார்கள். லாரியில் நண்டு லோடு ஏற்றிவிடுகிற ஒரு ஆள், ஆட்டம் தொடங்கும் முன் சட்டைப் பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து இரண்டு கட்டைவிரலிலும் பூசிக்கொள்வான். குழந்தைக்குப் பூசுகிற அந்தப் பவுடர்தான். இன்னொருத்தன் சுடும்போது இடது கண்ணை மூடிக்கொள்வான். துப்பாக்கி போனுக்குள் இருக்கிறது, இவன் கண் வெளியே இருக்கிறது, மூடி என்ன ஆகப்போகிறது? ஒரு பெரிய மனுஷர், பேரப்பிள்ளை எடுத்தவர், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் மிட்டாய் உடைக்கிற ஆட்டத்தைத் திறப்பார். சாமி கும்பிடுகிற முகம். பெண்டாட்டி போன் பண்ணினால் 'ம்', 'ம்' என்பதற்கு மேல் வார்த்தை வராத ஆள் ஒருத்தன், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு எந்த ஊரோ எவனோ ஒருத்தனிடம் "வா பாய், பின்னாடி வா பாய், நான் இருக்கேன் பாய்" என்று உருகுவான்.

இவர்களை நான் மதித்ததில்லை. சிரித்ததும் இல்லை. சிரித்தால் அவர்கள் செய்வதை ஒரு பொருட்டாக நினைத்தது போல் ஆகிவிடும்.

என் வீட்டுக்காரரும் விதிவிலக்கில்லை. கோட்டைக்குப்பத்தில் வீடு, ஏரியில் இறால் வலை போடுகிறார். அவருடைய ஆட்டம் பைக் ரேஸ். ரோடு வலது பக்கம் திரும்பினால் அவரும் வலது பக்கம் சாய்வார். ரோடு இடது பக்கம் திரும்பினால் இடது. நாக்கு நுனி வாய்க்கு வெளியே வந்து அதுவும் கூடவே திரும்பும். சாப்பிட உட்கார்ந்தால் கைக்கெட்டுகிற தண்ணிச் சொம்பை எடுக்கக் குனியாதவர், இல்லாத பைக்குக்காகத் தரையில் காது படுகிற அளவு சாய்வார். ஒரு நாள் மத்தியானம் படகு விளிம்பில் உட்கார்ந்து ஆடி, பெரிய வளைவு ஒன்றில் சாய்ந்து, போனோடு ஏரியில் விழுந்தார். அந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். நனைந்த போனை என் கடைக்கே கொண்டுவந்து, "இன்னாமே, இதைக் கொஞ்சம் பாரு" என்றார். பார்த்தேன். அவரையும் பார்த்தேன். பிறகு பின்மூடியைக் கழற்றித் தண்ணீரை வடித்தேன்.

மனிதன் விளையாடும்போதுதான் அவனுடைய உண்மையான குணம் வெளியே வருகிறது என்று இதையெல்லாம் வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அந்த முடிவோடுதான் என் தங்கையைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையையும் பார்த்தேன்.

தங்கை டிகிரி முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஆரம்பாக்கம். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு இரும்புக் கம்பெனியில் மெஷின் வேலை. எங்கள் அம்மா வீட்டுக்குத் தன் அப்பா அம்மாவோடு வந்தான். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. பெரியவர்கள் பேசுகிற விஷயத்துக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளையும் என் வீட்டுக்காரரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று தெரியாமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என் வீட்டுக்காரர்தான் கேட்டார்.

"லூடோ ஆடுவியா?"

"ஆடுவேன்ணா."

அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் உயிர் வந்துவிட்டது, அவரவர் போனை எடுத்தார்கள்.

எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, பாத்திரம் எடுக்க வந்தவள் மாதிரி தட்டை மடியில் வைத்துக்கொண்டு கவனித்தேன். மாப்பிள்ளை பகடையைத் தொடும் முன் போனின் விளிம்பை நகத்தால் வருடினான், மேலிருந்து கீழாக, கோழிக்குஞ்சைத் தடவுவது போல. பிறகு திரையில் மெல்ல ஊதினான். ஆறு விழுந்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு யாரையும் பார்க்கமாட்டான். ஒன்று விழுந்தால் என் வீட்டுக்காரரைச் சந்தேகமாகப் பார்த்தான்.

ஆட்டம் பாதி போனதும் என் வீட்டுக்காரர் அவனுடைய காய் ஒன்றை வெட்டினார். அடுத்த சுற்றில் இன்னொன்றையும் வெட்டினார். மாப்பிள்ளை போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தான்.

"நெட் போயிருச்சுண்ணா."

"அப்டியா? எனக்கு இருக்குதே."

"எனக்கு போயிருச்சு."

அவனுடையதும் என்னுடையதும் ஒரே கம்பெனி சிம். கேசரி கொடுக்கும்போதே அவன் ரீசார்ஜ் பற்றிப் பேசியதில் தெரிந்துகொண்டேன். தட்டுக்கு அடியில் என் போனைப் பார்த்தேன். சிக்னலில் எல்லாக் கோடும் இருந்தது. டவர் எங்கள் அம்மா வீட்டுக்குப் பின்னால்தான் நிற்கிறது.

இரண்டாவது ஆட்டத்திலும் தோற்கப் போகிற நேரத்தில் நெட் போனது. மூன்றாவது ஆட்டத்தில் அவன் ஜெயித்தான். அப்போது நெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜெயித்தவுடன் அந்தத் திரையைப் படம் எடுத்து, நம்பர் கேட்டு வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரருக்கே வாட்ஸப்பில் அனுப்பினான். அவர் தன் போனைத் திறந்து, தான் தோற்ற படத்தைப் பார்த்து, "சூப்பர்பா" என்றார். இரண்டு பேரையும் சேர்த்து ஏரியில் தள்ளலாம் போல இருந்தது.

அவர்கள் கிளம்பியதும் தங்கையை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"வேணாம்டி இவன்."

"ஏன்க்கா? இன்னா பண்ணான்?"

"தோத்தா நெட் போச்சுன்றான். மூஞ்சிக்கு நேரா பொய் சொல்றான். சாதா லூடோவுல தோத்தத ஒத்துக்க முடியாதவன், நாளைக்கு உங்கிட்ட எத ஒத்துக்குவான்?"

அவள் மீதி பஜ்ஜியை ஒரு டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நானும் பாத்தேன்க்கா. வாசப்படிகிட்ட நின்னுனு."

"பாத்தியா? அப்புறம்?"

"தோத்தான். போனக் கவுத்து வச்சான். நெட் இல்லன்னான். எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு வந்து மறுபடியும் ஆடுனான். யாரையும் ஒண்ணும் சொல்லல." டப்பா மூடியை அழுத்தி மூடினாள். "நைனா மாதிரி இல்ல."

அப்பாவை நாங்கள் நைனா என்போம், அவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது டிவியில் மாட்டி ஆடுகிற கேம் செட் ஒன்றை நைனா மெட்ராஸிலிருந்து வாங்கிவந்தார். பிள்ளைகளுக்கு என்றுதான் சொன்னார். பிளாஸ்டிக் துப்பாக்கி ஒன்று அதோடு வரும். திரையில் பறவைகள் பறக்கும், சுட வேண்டும். வெளியே ஏரி முழுக்க நிஜப் பறவைகள் நின்றுகொண்டிருக்க, இவர் கடலிலிருந்து வந்து குளித்ததும் டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் குந்தி உட்கார்ந்து, துப்பாக்கி முனையைக் கண்ணாடி மேலேயே வைத்து அந்தப் பொம்மைப் பறவைகளைச் சுடுவார். எங்களை அதைத் தொட விட்டதில்லை. பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், அசையக் கூடாது. ஒரு பறவை தப்பினால் திரும்புவார். "எவ மூச்சு விட்டா?" என்பார். நிழல் விழுந்தது என்பார், வளையல் சத்தம் கேட்டது என்பார். கையில் எது இருக்கிறதோ அதாலேயே அடிப்பார். தங்கையின் இடது புருவத்தில் முடி முளைக்காத ஒரு கோடு இன்றும் இருக்கிறது. துப்பாக்கியின் பின்கட்டை பட்ட இடம். அம்மா கேட்டதற்கு, "பறவ போயிருச்சுடி" என்றார், அதுதான் அன்றைய நஷ்டம் என்பது போல.

அவர் செத்து வருஷங்கள் ஆகின்றன. அவரைப் பற்றி எனக்கு இருக்கும் இளக்காரம் இன்னும் சாகவில்லை.

"நைனா மாதிரி இல்லன்றதுக்காக எவன வேணா கட்டிப்பியா?" என்று தங்கையிடம் கேட்டேன்.

"எவன வேணா இல்லக்கா. இவன. தோத்துட்டு கையச் சும்மா வச்சினு இருக்கான் பாரு, அது எனக்குப் போதும். நெட் மேல பழி போட்டா போடட்டும். நெட்டுக்கு வலிக்குமா இன்னா?"

கல்யாணம் நடந்தது. பந்தியில் நான் பரிமாறினேன். மாப்பிள்ளை என்னை "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். நான் "ம்" என்றேன்.

அதற்குப் பிறகு பொன்னேரி போய் ரயில் பிடித்து எப்போதாவது ஆரம்பாக்கம் போவோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே போவதென்றால் குஷி, ஆட ஆள் கிடைக்கிறதே. தங்கையும் அவனோடு ஆடுவாள், பெரும்பாலும் ஜெயிப்பாள். அவன் போனைக் கவிழ்த்து, "நெட் போயிருச்சு" என்பான். "சரி, வந்தா சொல்லு" என்று அவள் எழுந்து மீன் அரியப் போவாள். கொஞ்ச நேரத்தில் அவனும் பின்னாலேயே போய்த் தேங்காய் துருவிக் கொடுப்பான். எனக்குப் பார்க்கவே கூசும். நான் காத்துக்கொண்டிருந்தேன். இப்படி நெட் மேல் பழி போடுகிறவன் நிஜமாகவே ஒரு அடி விழும்போது என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும் என நினைத்தேன். அந்த நாள் வரும்போது தங்கையிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதுகூடத் தயாராக இருந்தது.

அந்த நாள் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் எல்லாரும் அவர்கள் வீட்டில் இருந்தோம். சாப்பாடு போடும் முன் அவன் எழுந்து நின்று சொன்னான்.

"ஒரு விஷயம். கம்பெனில என்ன நிறுத்திட்டாங்க."

அவனுடைய அப்பா கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார். "இன்னாடா சொல்ற? அந்த சூப்பர்வைசர்தான? அவனுக்கு உன்னக் கண்டாலே ஆவாது. அவன் பண்ண வேலதான் இது."

"இல்லப்பா."

"பின்ன? மெஷின் ரிப்பேருன்னு சொன்னியே போன மாசம்."

"மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் அளவ மாத்தி வச்சிட்டேன். ஒரு லோடு வீணாப் போச்சு. என் தப்புதான்ப்பா. அவங்க மேல ஒண்ணும் சொல்ல முடியாது."

தங்கைக்கு முன்பே தெரிந்திருக்கிறது, அவள் முகத்தில் மாற்றமே இல்லை. சோற்றுக் குண்டானைத் திறந்து அவனுக்கு முதலில் போட்டாள். "உக்காந்து சாப்புடு" என்றாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், தங்கை கட்டினவன் நிமிர்ந்து நின்று உண்மை பேசுகிறான். ஆனால் என்னை யாரோ ஏமாற்றிவிட்டது போல இருந்தது. இத்தனை நாள் பெஞ்சில் உட்கார்ந்தவர்களையெல்லாம் பார்த்துப் பார்த்து நான் சேர்த்து வைத்த கணிப்பு, சாம்பாரும் வறுத்த மீனும் பரிமாறுகிற நேரத்தில் ஒன்றுமில்லாமல் போனது. லூடோவில் இரண்டு காய் வெட்டுப்பட்டதை ஒத்துக்கொள்ள முடியாதவன், வேலை போனதை அப்பா கொடுத்த சாக்கைக்கூட வாங்கிக்கொள்ளாமல் ஒத்துக்கொள்கிறான். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் என் வீட்டுக்காரர் அவனை, "என்கூட ஏரிக்கு வர்றியா?" என்று கேட்டார். கொஞ்ச காலம் வந்தான். இறால் முள் குத்தி விரல் வீங்கிக்கொண்டு, படகுக் கழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, யார் கேலி செய்தாலும் "எனக்கு வரலண்ணா, சொல்லிக் குடுங்க" என்றே நின்றான். அப்புறம் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இப்போது அதே ஆரம்பாக்கத்தில் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஒரு பெண் குழந்தை.

அதற்குப் பிறகு நான் அவனை "மாப்ள" என்று கூப்பிட ஆரம்பித்தேன். தங்கை கவனித்தாள். நல்லவன்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. போன தடவை போயிருந்தபோதுகூட இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். ஒருத்தர் சாய, ஒருத்தன் ஊத, கடைசியில் வழக்கம்போல, "நெட் போயிருச்சுண்ணா." என் வீட்டுக்காரர் உண்மையாகவே கவலைப்பட்டு, "இந்தப் பக்கம் டவர் சரியில்லப்பா" என்றார். நான் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். அவர்கள் ஆடும்போது அந்த அறையில் உட்கார என்னால் இன்னும் முடியவில்லை.