'இன்னா' நாலு இதழ்தான் வந்தது

பிழை திருத்துவது அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. நூறு கல்லை எடுத்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள், ஒன்று பல்லில் பட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும். சிறுபத்திரிகை என்ற வியாதி கண்ட வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வில்லியனூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த வியாதி ஒரு வருஷம் குடியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒன்றாக நாலு இதழ் வந்தது. ஐந்தாவதில் என் கதை வருவதாக இருந்தது. நான் எழுதிய முதல் கதை. ஐந்தாவது வரவேயில்லை.

பெயர்

கான்வென்ட்டில் என்னோடு படித்த லூர்துமேரிதான் ஆசிரியர். பிழை திருத்துவது, தபால் தலை ஒட்டுவது, டீ போடுவது எல்லாம் நான். ஒரு நாள் நாற்பது பெயர் எழுதிக்கொண்டு வந்தாள். விடியல், விதை, நெருப்பு என்று போயிற்று பட்டியல். அடுப்பில் தோசை. எனக்குப் பொறுமை கிடையாது.

"இன்னாடி பேரு இதெல்லாம்? ஜவுளிக்கடைக்கு வெக்கிற மாதிரி கீது" என்றேன்.

"அப்ப இன்னா வெக்கறது?" என்று கேட்டவள், தானே எழுந்து நின்றாள். "ஏய் ஜெயா, 'இன்னா'வே வெக்கலாம்டி!"

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "பழைய தமிழ்ல இன்னான்னா துன்பம். பொருத்தமாத்தான் கீது."

கடையில்

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் புத்தகக் கடையில் பத்துப் பிரதி போட்டிருந்தோம். விற்கிறதா என்று பார்க்க, வாங்க வந்தவள் போலப் போய் நின்றேன். "இன்னா வேணும்?" என்றார் கடைக்காரர். "இன்னா வேணும்" என்றேன். "அதான் கேக்கறேன், இன்னா வேணும்?" "அதான் சொல்றேன், இன்னா வேணும்!" பின்னால் நின்றவர்கள் நாங்கள் சண்டை போடுகிறோம் என்று விலக்க வந்துவிட்டார்கள். விஷயம் புரிந்ததும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்: "யக்கா, ஒண்ணு அந்தப் பேர மாத்துங்க, இல்ல கடைய மாத்துங்க."

பதினேழு வூடு

பனித்திட்டில் மீன் விற்கும் அஞ்சலை பத்தாவது வரை படித்தவள். சுனாமியில் வீடு போனதைக் கோடு போட்ட நோட்டில் கதையாக எழுதி அனுப்பினாள். படித்துவிட்டு லூர்து அழுதாள். நான் பேனாவை எடுத்தேன். பள்ளியில் 'வூடு' என்று சொன்னால் சிஸ்டர் முட்டி போட வைப்பார். அந்த முட்டிவலியோடு வளர்ந்தவள் நான். கதையில் இருந்த பதினேழு 'வூடு'களையும் 'வீடு' ஆக்கினேன். முதல் இதழில் அப்படியே வந்தது.

அடுத்த வாரம் காலி மீன் கூடையோடு வாசலில் நின்றாள் அஞ்சலை. கத்துவாள் என்று நினைத்தேன். சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்: "அலையில போனது எங்க வூடும்மா. நீங்க போட்டிருக்கிற வீடு யாருது?"

பாகூர் கூட்டம்

இரண்டாவது இதழில் என் மன்னிப்போடு அதே கதையைப் பதினேழு வூட்டோடு மறுபடி போட்டோம். பிடித்தது சனி. மூன்றாவது இதழ் வந்தபோது பாகூரில் வாசகர் கூட்டம் வைத்தோம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் மேடையேறி, தமிழைக் கொல்கிறோம் என்று சொல்லி இதழை இரண்டாகக் கிழித்தார். அதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தோம். பதிலும் எழுதி வைத்திருந்தேன்.

எதிர்பார்க்காதது பின்வரிசையிலிருந்து வந்தது. சுத்துக்கேணிக்காரர், கரும்பு போடுகிறவர். அவர் வாயிலும் 'வூட்டு'தான் வந்தது. அதை எடுத்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. என் மகன் அன்று எந்தப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியுமே. அவர் சொன்னது இது: "நாங்க பேசறத புக்குல போட்டு ஊரச் சிரிக்க வெக்கிறீங்க, உங்க வூட்டுப் புள்ளைங்கள மட்டும் இங்கிலீஷ் ஸ்கூலுக்கு அனுப்பறீங்க."

கடைசிப் பக்கம்

நாலாவது இதழுக்குப் பிறகு மூலக்குளத்து அச்சகத்துக்குப் போன் மேல் போன், இதை ஏன் அடிக்கிறாய் என்று. அச்சகக்காரர் நல்ல மனிதர், திட்டவில்லை. "மேடம், உள்ள இன்னா வேணா போட்டுக்குங்க. கடைசிப் பக்கத்துல என் பேரு வருதே" என்றார். வேறு அச்சகம் தேடுவதற்குள் லூர்துவுக்குப் பிரான்சில் இருக்கும் மகளிடம் போகும்படி ஆயிற்று. ஐந்தாவது இதழின் ப்ரூஃபை என் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினாள். இன்றும் அது பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. புடவை எடுக்கும்போதெல்லாம் என் கதையைப் படிப்பேன். திருத்த ஒன்றும் கிடைத்ததில்லை. அன்று கார் கண்ணாடியை இறக்கி அவள் சொன்னது: "பத்திரமா வெச்சிருடி, ஆறே மாசத்துல வந்துடுவேன்."

அஞ்சலை கேட்டது

போன மாதம் மூலக்குளத்தில் அஞ்சலையிடம் மீன் வாங்கினேன். இப்போது முடி நரைத்துவிட்டது அவளுக்கு. "அஞ்சாவது எப்பம்மா?" என்றாள், நேற்றுத்தான் நாலாவது வந்த மாதிரி. இனி வராது, அதில் என் கதையும் இருந்தது என்றேன். "அப்ப வாயால சொல்லு." மீன் அரிந்துகொண்டே சொன்னாள். பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க, மனப்பாடமாக இருந்த முதல் பக்கத்தைச் சொன்னேன்: கல்யாணமாகி வந்தவள் வீட்டுக்குள் நுழைகிறாள், வீட்டைப் பார்க்கிறாள், வீடு பிடிக்கவில்லை.

அஞ்சலை கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "இன்னாம்மா, நீ இன்னும் வீட்டுலயேவா கீற? வூட்டுக்கு வாம்மா."

என் கதையில் இருந்த 'வீ' எல்லாவற்றையும் 'வூ' ஆக்கிவிட்டேன். இனி அச்சேற ஒரு பத்திரிகை மட்டும்தான் பாக்கி.