தேதியைப் பின்னால தள்ளின மத்தியானம்

கதை கட்டறேன்னு நினைக்கிறவங்க திருத்தணிக்கு வாங்க. மோகனப்ரியாவோட டிசைன் கடை மலையடிவாரத்துல இன்னும் இருக்கு. அவளையே கேளுங்க. ஒரு எழுத்து மாத்தாம சொல்வா.

சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டர்ல டிசைன் போட்டு தறிக்காரங்களுக்குக் குடுக்கறது அவ பொழப்பு. கடை அவ புருஷன் அசோக்குமாரோடது. ஒருநாள் திடீர்னு கடையை அவ தலையில கட்டிட்டு வேன் ஓட்டப் போயிட்டான் அந்த ஆளு. ஏன்னு கேட்டா வாயைத் திறக்கல. ஆறே மாசத்துல நகரி ரோட்டுல வேன் கவுந்து போய்ச் சேர்ந்தான். அவன் செத்த துக்கத்தை விட, காரணம் சொல்லாம கடையை விட்டானேங்கற ஆத்திரம்தான் அவளுக்கு அடங்கவே இல்ல.

போன ஆடி மாசம் பள்ளிப்பட்டு ஜெகநாதன் போன் பண்ணாரு. அசோக்கோட கூட்டாளி. அவளுக்கு மிச்சம் இருந்த ஒரே தறிக்காரர்.

"தறிக்குப் புது மிஷின் போட்டுட்டேன்மா. புது சாஃப்ட்வேர்ல போட்ட டிசைனைத்தான் அது எடுக்குது. சாயங்காலம் வரேன். இல்லன்னா அரக்கோணத்துல ஆள் பாத்துக்கறேன்."

அவரும் போயிட்டா கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

மோகனப்ரியா புது சாஃப்ட்வேரை ஏத்தினா. 'இந்த விண்டோஸ்ல ஓடாது'ன்னு பல்லைக் காட்டுச்சு அசோக் வாங்கின கிழட்டு கம்ப்யூட்டர். மறுபடி ஏத்தினா. மறுபடி அதே.

"போறவன் ஒரு நல்ல கம்ப்யூட்டரையாவது வாங்கி வெச்சிட்டுப் போனானா, பாவி!" மேஜையை ஓங்கிக் குத்தினா.

இந்தத் தொழில்ல ஒரு தில்லுமுல்லு உண்டு. விண்டோஸ் புதுசுதான்னு பொய் சொல்லி, தேதியை மட்டும் பழசா மாத்திட்டா, புது சாஃப்ட்வேர் சில நேரம் ஏமாந்து ஓடும். அவ கோவத்துல கீயை அமுக்கிப் பிடிச்சா. தேதி சரசரன்னு பின்னால போச்சு. 2019 பிப்ரவரி 11ல நின்னுது.

சாஃப்ட்வேர் திறந்துகிச்சு.

மணி ரெண்டேகால். வெளிய காவடிக்காரங்க பம்பைச் சத்தம். அவ மாங்கா பார்டர் போட ஆரம்பிச்சா.

கைக்குள்ள மவுஸ் லேசா இழுத்துச்சு.

வெடுக்குனு கையை எடுத்தா. அம்புக்குறி மட்டும் தன்பாட்டுக்கு நகர்ந்துகினே இருந்துச்சு... மாங்காயோட வால்ல ரெண்டு புள்ளியை அழிச்சுது. அசோக் அப்படித்தான் அழிப்பான்.

கிறீச்...

நாற்காலிச் சத்தம். அவ நாற்காலி அசையல.

அப்புறம்... தொண்டையைச் செருமற சத்தம்.

அவன் செருமல்.

பயந்தாளா? பயந்தா. ஆனா பயத்துக்கு மேல பொங்கிகினு வந்துச்சு ஆத்திரம்.

"செத்தவன் செத்த மாதிரி கிட! இப்ப இன்னாத்துக்கு வந்தே? இந்தக் கடையில உனக்கு இன்னா வேலை? எழுந்து போ!"

தடால்னு நாற்காலி விழற சத்தம். வெறுங்காலு ஓடற சத்தம். ஷட்டரை இழுத்து அடிக்கிற சத்தம்...

ஷட்டர் திறந்தேதான் இருந்துச்சு.

அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. உக்காந்து டிசைனை முடிச்சா.

சாயங்காலம் ஜெகநாதன் வந்தாரு. டிசைனைப் பாத்து, "உன்னை விட்டு வேற எங்கம்மா போவேன்"னாரு. அப்போ ஸ்க்ரீன் மூலையில தேதியைப் பாத்தாரு. கிட்ட குனிஞ்சு மறுபடி பாத்தாரு.

"இந்தத் தேதியை ஏம்மா வெச்சே?"

"சும்மாண்ணா. கீ நின்ன இடம்."

"எம் பொண்ணு தீபாவுக்கு மலைமேல காது குத்தின நாள் இது. மத்தியானம் நான் கீழ இறங்கி வரேன், அசோக்கு செருப்பு கூட இல்லாம நடுரோட்டுல நடுங்கிகினு நிக்கிறான். கம்ப்யூட்டர்ல இல்லாத சாஃப்ட்வேர் ஒண்ணு தானா திறந்துச்சாம். ஆளே இல்லாத கடையில உன் கொரல் கேட்டுச்சாம்."

"இன்னா... சொன்னேனாம்?"

"அவனைச் செத்தவன்னு சொன்னியாம். துரத்தினியாம். நீ அன்னிக்கு மணவூர்ல உங்க அம்மா வீட்ல இருந்தே. தூக்கக் கலக்கம்டான்னு நான் சிரிச்சேன். உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினான்."

திறந்திருந்த ஷட்டருக்கு வெளிய ரோட்டைக் காட்டினாரு.

"அங்கயே நின்னு கேட்டான்மா, ஏதாவது வேன் ஓட்டற வேலை இருந்தா சொல்லுடான்னு."